மெட்டல் பதிவுக்கு மைக் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுக்கும் முன் படித்துவிடுங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஹெவி மெட்டல் வாசிக்கும் தம்பி தங்கைகள் இப்போதெல்லாம் கடைக்கு நிறைய வருகிறார்கள். வந்ததும் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பெரிய கண்டன்சர் மைக்கைத்தான் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) கேட்கிறார்கள். பார்க்க ஸ்டுடியோ களை இருக்கும், மறுக்கவில்லை. அதை விற்றால் எங்களுக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். ஆனாலும் வீட்டு அறையில் பதிவு செய்கிற உங்களில் பெரும்பாலோருக்கு அது வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. மேடைகளில் பார்க்கிற வகையான நல்ல டைனமிக் மைக் ஒன்று போதும். குரலுக்கும் அதுதான், கிதாருக்கும் அதுதான்.

காரணம் எளிது. கண்டன்சருக்குக் காது கூர்மை. மின்விசிறி, ஆட்டோ ஹார்ன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் உங்கள் குரல் என எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். மெட்டலில் குரலை கம்ப்ரஸரில் (உரத்த, மெல்லிய சத்தங்களின் வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி) போட்டு நன்றாக அமுக்குவோம் இல்லையா? அப்போது அடியில் கிடந்த இந்தச் சில்லறைச் சத்தமெல்லாம் மேலே வந்துவிடும். டைனமிக் மைக்கில் வாயை ஒட்டிப் பாடலாம். அறையின் சத்தம் அந்த அளவுக்கு அடங்கிப்போகும்.

எதை வாங்குவது? ஷூர் எஸ்எம்57. 1965 முதல் விற்பனையில் இருக்கிறது, இன்றும் உலகமெங்கும் கிதார் ஆம்ப் முன்னால் நிற்பது பெரும்பாலும் இதுதான். 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இதற்கு ஒரு மேடு உண்டு, அதாவது அந்த உயர்ந்த சுருதிகளை இது கொஞ்சம் தூக்கிக் காட்டும். டிஸ்டார்ஷன் கிதாரின் கடி அங்கேதான் தூக்கலாகத் தெரியும். கையில் அவ்வளவு இல்லையென்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 வாங்குங்கள். விலை அதில் ஒரு சிறு பங்குதான், தொடங்குகிறவர்களுக்குத் தாராளம்.

ஷூரின் இன்னொரு டைனமிக் மைக்கான எஸ்எம்7பி வேண்டும் என்பவர்களுக்கு: அருமையான மைக்தான், ஆனால் 57-ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. அதோடு அதற்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின் (மைக்கின் சிக்னலைப் பெருக்குவது) தேவை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறிய இன்டர்ஃபேஸ்கள் பல அங்கே திணறும். க்ரௌல் (மெட்டலின் உறுமல் குரல்) பாடுகிறவன் கத்துகிறானே, கெயின் எதற்கு என்று நினைக்காதீர்கள். முறையாகப் பழகியவர்களின் க்ரௌல் கேட்கத்தான் பயங்கரம், அருகில் நின்றால் சத்தம் அவ்வளவு இருக்காது.

இனி மைக்கை வைக்கும் விஷயம். மைக் மாற்றுவதைவிட இதில்தான் பலன் அதிகம். ஒரு டார்ச் எடுத்து கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டின் துணி வழியாக அடித்துப் பாருங்கள், ஸ்பீக்கரின் நடுவில் வட்டமான மூடி தெரியும். அதற்கு நேராக மைக்கை வைத்தால் சத்தம் கூர்மையாக, சில நேரம் காதைக் குத்தும்படி இருக்கும். விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த மந்தமாகும். மூடியும் அதைச் சுற்றியுள்ள கூம்பு வடிவக் கோனும் சேரும் இடத்தில், துணியிலிருந்து ஒரு அங்குலம் தள்ளித் தொடங்குங்கள். ஒருவர் வாசிக்க, ஹெட்ஃபோன் போட்ட இன்னொருவர் விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்திப் பார்க்கட்டும். ஸ்வீடனின் ஸ்டுடியோ ஃப்ரெட்மன் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தின் தயாரிப்பாளர் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் பெயரால் வழங்கும் முறையிலும் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை: ஒரு 57 நேராக, பக்கத்திலேயே இன்னொரு 57 சாய்வாக, அவ்வளவுதான். ஆம்பில் கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) மட்டும் நீங்கள் வழக்கமாக வைப்பதைவிடக் குறையுங்கள். ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை) இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் போட்டால் கனம் தானாக வரும். ஒரே பதிவை நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் வராது.

குரலுக்கு 57-இன் மேல் ஒரு ஃபோம் உறை போடுங்கள், இல்லையென்றால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். மேடையில் செய்வதுபோல மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டாம். பக்கவாட்டுத் துளைகள் அடைபட்டு, குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும். சிலர் அதையே விரும்பிச் செய்கிறார்கள், அது அவர்கள் ருசி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கிதாருக்கு மைக்கே வாங்காதீர்கள். ஆம்பை ஏற்றினால் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். கிதாரை இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் நேராகச் செருகி, ஆம்ப் போலவே ஒலிக்க வைக்கும் ஆம்ப் சிமுலேட்டர் மென்பொருளில் வாசியுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஆடாத ஸ்டாண்டும் மைக்குக்கு நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளும் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. எஸ்எம்57-க்கும், அதன் உறவான பாடகர் மைக் எஸ்எம்58-க்கும் சந்தையில் போலிகள் ஏராளம். பாதி விலைக்குப் புதுசு கிடைக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள். அசல் 57-இன் எடை 284 கிராம், 58-இன் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும். வேறு இடத்தில் வாங்கியதாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், அசல் ஒன்றோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்