பெண்குயிலை நாற்பதாவது முறை அடையாளம் காட்டுவது குறித்து

எங்கள் மாவட்டப் பறவை நோக்கர் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சேருகிறவர்கள் நூறு பறவைகளைப் படம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த பிறகே குழுவில் கேள்வி கேட்கலாம் என்ற உங்கள் யோசனையைப் படித்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்கப்போவதாகவும் அறிந்தேன். அன்று நான் ஊரில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் சலிப்பு எனக்குப் புரியாததல்ல. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்த மறுவாரம் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஒருவர் தென்னை மரத்தைப் படம் எடுத்து, மட்டையில் தெரியும் கறுப்புப் புள்ளியை வட்டமிட்டு, "இது என்ன பறவை?" என்பார். எந்த ஊர், என்றைக்கு எடுத்தது என்று ஒரு சொல் இருக்காது. இன்னொருவர் செம்பருந்தைக் கழுகு என்பார். இல்லை என்றால், எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அது கழுகுதான் என்று சண்டைக்கு வருவார். (தாத்தா அதைக் கருடன் என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார், பேரன்தான் மாற்றிவிட்டார்.) கோடை வந்தால் பெண்குயில். குயில் என்றால் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் சிவந்த கண்ணுமாக ஒன்று வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்தால் ஏதோ அபூர்வப் பறவை வந்துவிட்டதாகத் தோன்றும். இந்த ஆண்டு மட்டும் நான் நாற்பது முறையாவது "பெண்குயில்" என்று எழுதியிருப்பேன். பாதிப் பேர் நன்றி கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தத் தேர்வு வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்ல 2003க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்குப் பறவை பார்ப்பதில் நான்கு மாத அனுபவம். எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் படித்துறையில், உடலெங்கும் வெளிறிய புள்ளிகளோடு பழுப்பு நிறத்தில் ஒரு பறவை நின்றது. புத்தகத்தைப் புரட்டி, கொக்கு இனத்தைச் சேர்ந்த அபூர்வமான குருகு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக முடிவு செய்து, பக்கத்து ஊரில் முப்பது ஆண்டுகளாகப் பறவை பார்த்துவந்த பெரியவர் ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதினேன். "அபூர்வம்" என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு. அவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். படித்துறையில் நின்றது வக்கா என்ற இராக்கொக்கின் இளம்பறவை. வளர்ந்த வக்கா சாம்பலும் கறுப்புமாக இருக்கும். இளம்பறவைக்கும் அதற்கும் உறவு உண்டு என்று பார்த்தவுடன் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

அவர் கோபப்படவில்லை. "கண் என்ன நிறம், பாருங்கள்" என்று தொலைநோக்கியைக் கொடுத்தார். பிறகு குளத்தைச் சுற்றி நடந்து, பின்புறத்துப் புளியமரத்தடியில் எச்சம் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டினார். மேலே கூடுகள். "வக்கா இந்த ஊரில் குஞ்சு பொரிக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் தெரிந்திருக்காது" என்று சொல்லிக் குறிப்பேட்டில் தேதி போட்டுக்கொண்டார். நான் எழுதிய பெயர் தவறு. ஆனால் என் அட்டை அவருக்கு ஒரு செய்தியைக் கொண்டுபோயிருந்தது.

அன்று எனக்கு விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. நம்மைப் போன்ற பழையவர்கள் எங்கே போகிறோம்? ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதே ஏரி, அதே கரை, அதே டீக்கடை. புதியவர் நிற்பது தன் வீட்டு மாடியில், பள்ளிக்கூட மைதானத்தில், மாவு மில்லுக்குப் பின்னால். அந்த இடங்களை நாம் பார்ப்பதே இல்லை. "எங்கள் பழைய வீட்டுப் பரணில் குரங்கு முகத்தோடு ஒரு பறவை" என்று சென்ற ஆண்டு ஒருவர் அலறினாரே, நினைவிருக்கிறதா? அந்தத் தெருவில் கூகை என்ற ஆந்தை இருப்பது நம்மில் ஒருவருக்கும் தெரியாது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிவு செய்த ஏறத்தாழ 3 கோடித் தகவல்களை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. அந்த 30,000 பேரில் தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு ஆறுமணிக்குருவி தெற்கே வருகிற காலம். இரவில் பறந்து வந்து, களைத்து, கண்ணாடிச் சன்னலில் மோதி விழும், அல்லது சமையலறைக்குள் புகுந்துவிடும். உடனே "எங்கள் வீட்டில் பல வண்ணப் பறவை" என்ற படம் வரும். ஆண்டுதோறும் அதே படம், அதே பதற்றம். அப்போது நாம் சொல்ல வேண்டியது நாலே வரி: காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள், இருட்டாகவும் சத்தமில்லாமலும் இருக்கட்டும், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், தெளிந்ததும் மரம் இருக்கும் இடத்தில் விடுங்கள். இதைக் கேட்கிறவரிடம் முதலில் நூறு பறவைகளின் பெயரை ஒப்பிக்கச் சொல்லப்போகிறோமா? அதற்குள் பூனை வந்துவிடும்.

பறவையியலாளர் சாலிம் அலியின் கதை உங்களுக்குத் தெரியும். 1908 வாக்கில், தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன சிறுவன் அவர். அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லர்டுக்குத் தொழில் மது வணிகம். இயற்கை வரலாறு ஓய்வுநேர ஈடுபாடுதான், நம்மைப் போல. அவர் பையனுக்குப் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், கழகத்தின் பாடம் செய்த பறவைகளையும் திறந்து காட்டினார். உங்கள் புதிய விதிப்படி பார்த்தால், செத்த பறவையோடு வந்த பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் கருணை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதில் சொல்வதில் மேதாவித்தனம் காட்டுகிற சுகமும் உண்டு. இல்லை என்று யாரும் என்னிடம் சாதிக்க வேண்டாம். அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. அக்காக்குயில் பார்வைக்கு வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் போலவே இருக்கும். ஓர் எட்டாம் வகுப்பு மாணவி, "கண்ணில் மஞ்சள் இருந்தால் அக்காக்குயில் என்றீர்களே, வல்லூறுக்கும் மஞ்சள் கண்தானே?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக இரண்டையும் நொடியில் பிரித்துச் சொல்கிறவன் நான். எதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அன்று சொல்ல வரவில்லை. பழைய படங்களை எடுத்துவைத்து உட்கார்ந்த பிறகுதான், வல்லூறின் கொக்கி அலகையும் நீண்ட காலையும், குயிலின் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையத்தையும் வரிசையாக எழுத முடிந்தது. பழக்கத்தில் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கு அறிவாயிற்று. அவள் என்னவோ "சரி" என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போய்விட்டாள். நமக்கும் ஒன்றும் நிரந்தரமாகத் தெரிந்துவிடவில்லையே. கடற்கரையில் நாம் ஒரே இனமாக எண்ணிவந்த உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவையை அண்மையில் இரண்டு இனங்களாகப் பிரித்தபோது, படத்தை வட்டமிட்டு "இது எது?" என்று கேட்டவர்கள் யார்? நீங்களும் நானும்தான்.

எல்லாப் புதியவரையும் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. கூட்டின் மேல் கிளையை வெட்டிவிட்டுக் குஞ்சைப் படம் எடுத்து அனுப்புகிறவர், ஆந்தை அமரும் மரம் எது என்று தனியாகத் துருவித் துருவிக் கேட்கிறவர், ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பவர் ஆகியோரிடம் எனக்குத் துளியும் பொறுமை கிடையாது. ஒரு முறை எச்சரிக்கை, மறுமுறை வெளியே. ஆனால் கவனியுங்கள், அப்படிச் செய்கிறவர்களில் பலர் நூறு பறவைகளை அழகாக ஒப்பிப்பார்கள். உங்கள் தேர்வு அவர்களை உள்ளே விட்டுவிட்டு, தென்னை மட்டைக்காரரை வெளியே நிறுத்தும்.

என் வேண்டுகோள் சிறியது. தேர்வைக் கைவிடுங்கள். கேட்பவர் ஊரையும் தேதியையும் எழுத வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள். பதில் சொல்ல வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக்கொள்வோம்; சலித்தவர் சலிப்பு தீரும்வரை ஒதுங்கியிருக்கட்டும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஏப்ரல், மே மாதங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு 10.40க்கு ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். மாமரம், பழுப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள், பாதி வால் இலைக்குள். கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. காலைவரை யாரும் பதில் சொல்லவில்லை. பெண்குயில் என்று சொல்லி, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் காக்கைக்கூடு தெரிகிறதா, ஏறிப் பார்க்காமல் கீழே நின்றே சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் பழைய உறுப்பினர் ஒருவர்