மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஒஸ்லோ

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் நலம். மகளுக்குச் சுவீடனில், கோத்தன்பர்க் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் அவளுடைய அம்மா இன்னும் அழவில்லை.

"நோர்வே, சுவீடன் இரண்டும் பனி நாடுதானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டிருந்தாய். எல்லாம் நடுவில் ஓடும் மலைத்தொடரின் வேலை என்பது என் கட்சி. மேற்கே நோர்வேப் பக்கம் அது செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கிழக்கே சுவீடனில் மெல்லச் சரிந்து காடும் ஏரியும் வயலுமாக விரிகிறது. நோர்வேயில் உழக்கூடிய நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். சோக்னே என்னும் கடல்நீர்ப் பள்ளத்தாக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நுழைகிறது. ஆழம் 1,300 மீட்டர். அதன் கரையில் ஒட்டிக்கொண்டு ஆடு வளர்ப்பவனுக்கு அடுத்த பள்ளத்தாக்கே வெளிநாடு. அதனால்தான் இங்கே ஊருக்கொரு பேச்சு, நாட்டுக்கு இரண்டு எழுத்து நடை. அமைச்சர்கூட நாடாளுமன்றத்தில் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார், யாரும் சிரிப்பதில்லை. பெரிய வயல் இல்லாத இடத்தில் ஜமீன்தாரும் தழைக்க மாட்டார். 1821-லேயே பிரபுப் பட்டங்களை ஒழிக்கச் சட்டம் செய்துவிட்டார்கள். ஸ்டாக்ஹோமிலோ பிரபுக்களுக்கென்று கட்டிய மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

1814 முதல் 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். பிரியலாமா என்று நோர்வேயில் வாக்கெடுப்பு வைத்தபோது வேண்டாம் என்றவர்கள் வெறும் 184 பேர். வேண்டும் என்றவர்கள் மூன்றரை இலட்சத்துக்கும் மேல். போர் இல்லாமலே பிரிந்தார்கள். நீயும் நானும் பெருமூச்சு விட வேண்டிய இடம் இது.

அந்தப் பெருமை நோர்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17 அன்று தெருவில் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் பேண்டு வாத்தியத்தோடு அரண்மனை முன் அணிவகுக்க, அரசர் மாடத்தில் நின்று கையசைப்பார். சுவீடன்காரர்களுக்குத் தேசிய தினம் பொது விடுமுறையானதே 2005-இல்தான். அவர்கள் மனம் முழுவதும் ஜூன் மாதக் கோடைத் திருவிழாவில்.

ஆனால் விலைவாசியில் வெற்றி சுவீடனுக்கே. செங்குத்துச் சரிவில் உழுபவனைக் காப்பாற்ற நோர்வே வெளிநாட்டு உணவுக்குக் கடும் வரி போடுகிறது. ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதை 1972-இலும், அதிலிருந்து உருவான ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை 1994-இலும் மக்கள் நிராகரித்துவிட்டார்கள். விளைவு, வார இறுதியானால் எல்லையிலுள்ள ஸ்வினேசுண்ட் பாலத்தில் கார் வரிசை. அக்கரைக் கடைகளில் பன்றியிறைச்சிப் பொட்டலமும் சோடா டின்களும் மிட்டாய் மூட்டையும் தள்ளுவண்டி வழிய வாங்குகிறார்கள். இறைச்சி ஆளுக்கு 10 கிலோவரைதான் கொண்டுவரலாம் என்பதால் கைக்குழந்தையையும் கணக்கில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு.

மகள் அங்கே போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் தனிப் பாசம் காட்டுகிறார். நேற்றுப் பட்டியலே கொடுத்துவிட்டார். உனக்கும் ஏதாவது வேண்டுமென்றால் எழுது.

அன்புடன்,
ரவி