கைபேசி யாருடையது என்று கேட்கக் கற்பிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் முதன்முதலாகக் கணினியைக் கண்ட வீடுகளை நான் அறிவேன். ஆனால் கருவி வந்த பிறகு யாரால் படிக்க முடிகிறது, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை, நாளை ஆசிரியர்களாகப் போகும் பி.எட். மாணவர்களுக்கு நாம் கற்றுத்தருகிறோமா?

நான் ஒரு கல்வியியல் கல்லூரியில் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவி ஒருவர் கற்பித்தல் பயிற்சிக்காக ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்ததைப் பார்வையிடச் சென்றிருந்தேன். முந்தைய நாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியை அனுப்பி, அதைப் பார்த்துக் குறிப்பெழுதி வரச் சொல்லியிருந்தார். ஏழெட்டுப் பிள்ளைகள் எழுதி வரவில்லை. அவர்கள் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' என்று குறிக்கப்போனார். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தியிடம் விசாரித்த பிறகுதான், வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது என்பதும், திரும்பியதும் முதலில் அண்ணன் கைக்குப் போகிறது என்பதும், தன் முறை வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது என்பதும் தெரியவந்தன. பயிற்சி மாணவி அக்கறையுள்ளவர்தான். வீட்டுப்பாடம் கொடுக்கும் முன் இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்தக் குறை என்னைப் போன்ற பயிற்றுநர்களுடையது.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, 2017-18இல் இந்தியாவில் இணைய வசதி பெற்றிருந்த வீடுகள் நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு, கிராமப்புறத்தில் 15 விழுக்காடுகூட இல்லை. கணினி இருந்த கிராமப்புற வீடுகளோ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இந்த நிலைக்கு இரண்டே ஆண்டுகள் கழித்துத்தான் பெருந்தொற்று வந்து வகுப்பறையைக் கைபேசிக்குள் தள்ளியது. அதன்பின் கைபேசிகள் பெருகியிருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் வீட்டுக்கு ஒன்று இருப்பதாலேயே பிள்ளைக்கு ஒன்று இருப்பதாகாது, அதிலும் பெண்பிள்ளைக்கு.

பொருளாதாரம் மட்டுமே தடை என்றும் எண்ணிவிடக் கூடாது. என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தார். கணினித் திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளைத் திறம்படக் கையாள்பவர். நாங்கள் அனுப்பிய பாடக்குறிப்புகளில் பாதி ஸ்கேன் செய்த பக்கங்கள், அதாவது வெறும் படங்கள் என்பதால் அந்த மென்பொருளால் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. தட்டச்சு செய்த கோப்புகளோ, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் தரும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தன. 'தமிழ்' என்ற சொல்லே அவர் காதில் 'ஜே, கே, பி, ஓ' என்று விழுந்தது. இந்தக் குழப்பத்துக்கு இடமில்லாத பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியைத் (யூனிகோடு) தமிழுக்குத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. மின்னணு உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வலியுறுத்துகிறது. அப்படியிருந்தும் ஆசிரியர்களை உருவாக்கும் எங்களுக்கே இது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பி.எட். படிப்பில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு செய்முறைப் பகுதி இருக்கிறது. நான் பார்த்தவரை அது பவர்பாயின்ட் தயாரிப்பதிலும் செய்முறைப் பதிவேட்டை நிரப்புவதிலும் முடிந்துவிடுகிறது. பள்ளிக்குப் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும், இணையவழி வீட்டுப்பாடம் எதையும் கொடுக்கும் முன், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கைபேசி எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் கிடைக்கிறது, சிக்னல் எட்டுகிறதா, பார்க்கவும் கேட்கவும் தடை உண்டா என்று தனித்தனியே, பிற பிள்ளைகள் காதில் விழாதபடி கேட்டறிய வேண்டும். காணொளி அனுப்பினால் அதே பாடத்தைத் தாளிலும் தர வேண்டும். தான் தயாரித்த கோப்பை, திரையைப் பார்க்காமல், ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பு வசதியால் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் புதிதாகப் பணமோ கருவியோ தேவையில்லை.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதற்கு அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் ஒதுக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்வியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.