கத்தரிக்காய்க்குத் தராசு இருந்தது

முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் பொறுப்பில் எங்கள் மாவட்டத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் அம்மா தங்கியிருந்த முதியோர் இல்லத்தைப் பற்றி நான் கொடுத்த மனு உங்கள் மேசையில் இருக்கிறது. ரசீது என்னிடம் இருக்கிறது. எனவே பழைய கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. போன வாரம் உங்கள் பதில் வந்தது. 'மேற்படி இல்லம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அடிப்படை வசதிகள் திருப்திகரமாக உள்ளன.' இரண்டே வரி. யாருக்குத் திருப்தி என்று அதில் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் வந்ததற்கு முந்தின நாளே புதுப் படுக்கை விரிப்பு போட்டு, பினாயில் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா சொன்னார். தீயணைப்பான் மேல் இருந்த தேதியைப் பார்த்தீர்களாம். கேமராக்களை எண்ணினீர்களாம். சமையலறை, கழிப்பறைக் கைப்பிடி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்தீர்களாம். நல்லது, அவையும் வேண்டியவைதான். ஒரே ஒருவரையாவது ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தீர்களா? அங்கே இருந்த 33 பேரில் ஒருவருடைய போன மாத எடை என்ன என்று கேட்டீர்களா?

கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. அந்த இல்லத்தில் மனிதர்களை எடை போடும் கருவியே இல்லை.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் கணவரும் வீட்டில் இருக்கிறார். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெம்பு போதவில்லை. 'பெத்தவளை விடுதியில தள்ளிட்டா' என்று சொந்தக்காரர்கள் பேசியதை நான் கேட்டாயிற்று, நீங்களும் மனதில் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 22,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம். நகரத்துக்கு வடக்கே, நான்கு வழிச்சாலையைத் தாண்டி, யானைமலை தெரிகிற இடம். லிஃப்ட், தோட்டம், வாசலில் பிள்ளையார், வரவேற்பறையில் ஃப்ரேம் போட்ட பதிவுச் சான்று. நானும் அதையெல்லாம் பார்த்துத்தான் சேர்த்தேன். அந்த வகையில் உங்கள் ஆய்வுக்கும் என் ஆய்வுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் சம்பளம் வாங்காமல் பார்த்தேன், அவ்வளவுதான்.

சேர்க்கும்போது அம்மா 54 கிலோ. ஏழு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது 41.

அந்த ஏழு மாதமும் ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எல்லாப் படத்திலும் கழுத்து வரை போர்வை. சித்திரை வெயிலில் எதற்குப் போர்வை என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேரில் போனால் வரவேற்பறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அங்கேயும் மடியில் போர்வை. அறைக்கு வருகிறேன் என்றால், 'மத்தவங்களுக்குத் தொந்தரவு மேடம்' என்பார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஊரே வைகைக்குப் போயிருந்தது. இல்லத்தின் வரவேற்பறையில் ஆளில்லை. யாரையும் கேட்காமல் மாடி ஏறி நேராக அறைக்குப் போனேன். தண்ணீர் டம்ளர் அம்மாவின் இடது பக்க மேசையில் இருந்தது. இடது கை விழுந்தவருக்கு இடது பக்கம் டம்ளர். எத்தனை நாளாக அங்கே வைக்கிறார்களோ, அத்தனை நாளும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். போர்வையை விலக்கியதும் நாற்றம் அடித்தது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், என் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'எத்தனை நாளா திருப்பிப் போடாம விட்டாங்க?' என்பது. இரண்டாவது, 'போன மாசம் எத்தனை கிலோ இருந்தாங்க?' இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. இல்லத்தின் மேலாளருக்குப் போன் போட்டேன். 'எடை மெஷின் ரிப்பேர்ல இருக்கு' என்றார்.

மறுநாள் அம்மாவின் துணிமணிகளை எடுக்கப் போனேன். சமையலறை வழியாகத்தான் மாடிக்குப் போக வேண்டும். அங்கே பளபளவென்று ஒரு மின்னணுத் தராசு, அதில் அந்த வருடத்து முத்திரை, தட்டில் கத்தரிக்காய். இது மட்டும் வேலை செய்கிறதே என்றேன். 'காய்க்காரன் எடையில ஏமாத்திரக் கூடாதுல்ல மேடம்' என்றார் மேலாளர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பொறுப்பாகப் பேசினார்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு எடை குறையத்தான் செய்யும் என்றும் அவர் சொன்னார். குறையலாம், நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த மாதத்திலிருந்து குறைந்தது என்று தெரிந்திருந்தால் அந்த மாதமே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அம்மாவுக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முக்கால் மணி நேரம் ஊட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு, 'வேணாம்னுட்டாங்க' என்று எழுதிவிடுவார்களாம். நாள் கணக்கில் அப்படிப் பட்டினி கிடந்தது ஒரு நோட்டிலும் தெரியாது. எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வேலை பார்க்கிற அக்காக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவையும் சேர்த்து அங்கே இருந்த 34 பேரில் தானாகப் புரள முடியாதவர்கள் 12 பேர். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்கிற பாடம். காற்று மெத்தை போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். இரவு எட்டு முதல் காலை ஆறு வரை ஒருவருக்கு ஐந்து தடவை, 12 பேருக்கு 60 தடவை. துடைத்து, டயப்பர் மாற்றித் திருப்ப ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலே ஐந்து மணி நேரம். அதற்கும் ஒரு பக்கம் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். இரவுப் பணியில் இருந்தவர் ஒரே ஒருவர். நர்ஸ் கோட் போட்டிருந்தார். நர்ஸ் படிப்பு படித்தவர் இல்லை. அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் 60 தடவை திருப்பியிருப்போமா?

எனவே நான் கேட்பது இதுதான். எடைப் பதிவேட்டைக் கேளுங்கள். முதுகைப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று இரவில் வந்து எண்ணுங்கள். பார்த்ததை வாசலில் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். இத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், இரவுப் பணியில் இத்தனை பேர், படுக்கைப் புண் உள்ளவர்கள் இத்தனை பேர், கடைசியாக எடை போட்ட தேதி இது. நான்கு வரி போதும். ரேஷன் கடையில் இருப்புப் பலகை இருக்கிறது. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் கோடு வரைகிறார்கள், கோடு இறங்கினால் பதறுகிறார்கள். எழுபது வயசானவரின் கோடு இறங்கினால் பதற ஆள் வேண்டாமா?

என் அம்மா யார் என்று மனுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே மேலூர் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அம்மா அமைப்பாளராகச் சேர்ந்தார். 31 வருடம் அரிசி மூட்டையை எடை போட்டு இறக்கியவர். முட்டை வந்த பிறகு முட்டையை எண்ணியவர். யூனியன் ஆபீஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். பருப்பை நிறுப்பார்கள், பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள், கால் கிலோ இடித்தால் விளக்கம் கேட்பார்கள். அம்மா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. 'பிள்ளைக வயித்துக் கணக்குல்ல, பாக்கத்தான் செய்வாக' என்பார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தை இதே மதுரையில் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்துவிட்டு, 'ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராமுன்னு சொன்னாகளா?' என்றுதான் கேட்டார். அப்போது நன்றாக இருந்தார்.

அப்படிப்பட்டவரை ஏழு மாதம் யாரும் எடை போடவில்லை.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்குப் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆவது பிரிவு, வசதியற்ற 150 முதியோராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லங்களின் தரத்தை வகுத்துத் திட்டம் கொண்டுவரலாம் என்கிறது. அமைக்கலாம், வகுக்கலாம். இந்த 'லாம்' என்கிற விகுதியை நம்பித்தான் முதியவர்கள் படுத்திருக்கிறார்கள். முதியோர் இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கி, குறைந்தபட்சத் தரத்தையும் வைக்க 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிறைவேறவில்லை. 2024-இல் அந்த மக்களவையோடு அதுவும் காலாவதியானது. மசோதாவுக்கும் படுக்கைப் புண் வந்திருக்கும், திருப்பிப் போட ஆளில்லை.

14567 என்று முதியோருக்கு ஓர் உதவி எண் இருப்பதும் தெரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அம்மா அழைக்க வேண்டுமென்றால் கையில் போன் இருக்க வேண்டும். போன்களையெல்லாம் 'தொலைஞ்சிரும்' என்று வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 15 வந்தால் முதியோர் வன்கொடுமைக்கு எதிராக உறுதிமொழி. அக்டோபர் 1 வந்தால் பொன்னாடை. தலைவர்கள் பிறந்தநாளுக்குப் போர்வை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து இனி யாரும் போர்வை கொடுக்காதீர்கள், மூடுவதற்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அமாவாசைக்கு யாராவது காசு கட்டினால் வடை, பாயசம். விழுங்க முடியாத என் அம்மா முன்னாலும் அந்த வடை இருந்ததை ஒரு வாட்ஸ்அப் படத்தில் பார்த்திருக்கிறேன். 'அன்னதானம் சிறப்பாக நடைபெற்றது' என்று கீழே எழுதியிருந்தது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கோபத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது.

அந்த இல்லத்தை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. மூடினால் மீதி 33 பேர் எங்கே போவார்கள்? அவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் போல் மாடி ஏறிப் போக உள்ளூரில் ஆள் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே தெரியவில்லை. உங்கள் பலகை வந்தால் தெரியும். நல்லபடியாக நடத்துகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பலகை அவர்களுக்கும் நல்லதுதானே?

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். கூடத்தில் கட்டில் போட்டு, பகலுக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறோம், இரவுக்கு நான். புண் சுருங்கி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருக்கிறது. டம்ளர் வலது பக்கம் இருக்கிறது. மாதம் முதல் தேதி பகலுக்கு வருகிறவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார், அப்புறம் அவர் மட்டும் ஏறுவார், கழித்துப் பார்ப்போம். இந்த மாதம் 44. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். தராசின் விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறேன். அன்று என் மனுவை மறுபடி எடுத்து, அந்த இல்லத்தை முன்னறிவிப்பு இல்லாமல், இரவு ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு முறை ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் தளத்துக்குப் பெண் அதிகாரி வரட்டும். எடைப் பதிவேட்டைக் கேட்கட்டும், முதுகைப் பார்க்கட்டும், எழுதி வாசலில் போடட்டும். போகும்போது ஒரு தராசும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். சமையலறையில் இருப்பது பத்து கிலோவுக்கு மேல் தாங்காது.

இப்படிக்கு,
31 வருடம் அரிசி நிறுத்த ஒரு சத்துணவு அமைப்பாளரின் மகள்
மதுரை