மணியோசை இல்லாத காலை

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைமையாசிரியரின் பணி ஓய்வு என்றாலே ஓய்வூதியக் கணக்கைத்தான் பேசுகிறோம். அதுவும் தேவைதான், பணிப்பதிவேட்டிலுள்ள பிழைகளைக் கடைசி மாதத்தில் திருத்த அலைந்தவன் என்ற முறையில், ஓராண்டுக்கு முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கடினமான வேலை வேறொன்று. எந்த மாணவனின் வீட்டுச் சூழலை மனத்தில் கொண்டு அவனிடம் பேச வேண்டும், எந்தப் பெற்றோரின் கோபத்துக்குப் பின்னே அச்சம் இருக்கிறது, மழைநாளில் எந்த வகுப்பறை ஒழுகும் என்பவையெல்லாம் எந்தக் கோப்பிலும் பதிவாகாமல் ஒருவர் நினைவிலேயே தங்கிவிடுவதால், சாவிக்கொத்தையும் வங்கிக் கையொப்ப உரிமையையும் ஒப்படைப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவற்றை எழுதிவைக்கவும், இயன்றால் அடுத்து வருபவருடன் அமர்ந்து பேசவும் வேண்டும். சில பொறுப்புகளை முன்கூட்டியே துணைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிடுவதும் நல்லது. நாம் இல்லாமலும் பள்ளி நடக்கும் என்பதை, சற்று வலித்தாலும், பணியில் இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

யாரும் கையொப்பம் கேட்டு வராத முதல் திங்கட்கிழமை என்னைத் தடுமாறச் செய்தது. காரணம் தேடிப் பள்ளிப் பக்கம் போகத் தோன்றியது, போகவில்லை. புதியவர் அழைக்கும்வரை விலகியிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று கருதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்