தோற்றவரும் காசு கட்டினால் அதை ஏலம் என்று சொல்லலாமா?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையினருக்கு,

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போட வரும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் போனில் 'பென்னி ஏலம்' நடத்தும் வெளிநாட்டுத் தளங்களைப் பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏலம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் அம்மாமார் பறிக்கிற கொழுந்து தூளாகி 1883 முதல் கொழும்பில் ஏலத்தில் போகிறது. மாரியம்மன் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் விட்டுவிட்டவர் காசை மடியில் முடிந்தபடியே வீட்டுக்கு வருவார். இந்தத் தளங்களில் ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் முதலிலேயே காசு கட்டி 'பிட்' வாங்க வேண்டும். தோற்றாலும் அந்தக் காசு திரும்பாது.

ஒரு பிட் 60 அமெரிக்கச் சதம், ஒரு பிட்டுக்குப் பொருளின் விலை ஒரு சதம் ஏறும் என்று வையுங்கள். 15 டொலருக்கு ஒரு போன் போனால் 1500 பிட் விழுந்திருக்கிறது. பிட்டுக்கு 900, போனுக்கு 15, ஆகத் தளத்துக்கு வந்தது 915 டொலர். பிள்ளைகள் கண்ணில் படுவதோ அந்த 15 மட்டும்தான்.

என் அக்கா மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். உயர்தரம் படிக்கிற தங்கைக்கு நல்ல போன் ஒன்று வாங்கித் தர ஆசைப்பட்டான். அந்த ஆசையில் என்ன பிழை? தீபாவளிக்கு வந்தவன் இரவு ஒரு மணிக்கும் கம்பளிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடிகாரத்தில் பத்து வினாடி ஓடுகிறது. அது முடியும்போது கடைசியாக அமத்தியவருக்கே பொருள். மூன்று, இரண்டு, ஒன்று. இவன் அமத்துகிறான், கடிகாரம் திரும்பப் பத்துக்குப் போகிறது. யாரோ ஒருவர் அமத்துகிறார், திரும்பவும் பத்து. "போதும்டா, வை" என்றேன். "இப்ப விட்டா போட்டதெல்லாம் போயிடும் சித்தி" என்றான். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் தோட்டத்து நாட்சம்பளக் கணக்கில், அவன் அம்மா பதினைந்து நாள் முழுப்பேர் (முழு நாள் வேலை) போட வேண்டிய காசு. தளத்துக்கு எழுதினேன். விதிமுறையை ஏற்றுத்தானே சேர்ந்தீர்கள் என்று பதில் வந்தது. அந்த விதிமுறை முழுக்க ஆங்கிலம்.

ஜெர்மனியில் 2005இல் தொடங்கிய ஸ்வூப்போ என்ற தளம் இந்த முறையைப் பெரிதாக்கி, 2011இல் நொடித்துப் போனது. அதே ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் இத்தகைய தளங்களைப் பற்றி மக்களை எச்சரித்தது. ஆளில்லாமல் கணினியே போட்டிக்குக் கேட்கிற கள்ளத்தனமும் சில தளங்களில் உண்டு.

நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் வியாபாரத்தை உங்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டுத் தளத்தை நீங்கள் நேரே பிடிப்பது கஷ்டம், அது விளங்குகிறது. ஆனால் எச்சரிக்கை தர முடியும். வங்கிகளோடு பேசி, வங்கிக் கார்டிலிருந்து காசு போகும் முன்பே பிள்ளைகளுக்கு இது தெரிய வழி செய்ய முடியும். உங்கள் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கிறவருக்கு இதைத் தமிழில் விளக்க ஓர் அதிகாரியை வைக்க முடியும்.

மேலே எழுதிய 915 டொலர்க் கணக்கை ஒரே ஒரு தாளில், தமிழில், உங்கள் முத்திரையோடு அச்சடித்து அனுப்புங்கள். ரீலோட் கார்ட் தொங்குகிற இடத்திலேயே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு கடைக்காரி