மாட்டுவது வேறு, பொருத்துவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் 'அமெரிக்காவில் வீட்டிலேயே துப்பாக்கி தயாரிக்கலாம்' என்று ஏ.ஆர்-15 ரைஃபிள் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. பாகங்களைத் தபாலில் வரவழைத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் மாட்டி முடித்துவிடலாமாம், கேட்க ஆளும் இல்லையாம், சட்டமும் இல்லையாம். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, இரண்டாவது தடவை படித்தபோது கோபம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணுவத்தில் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் ரிப்பேர் பார்க்கிற ஈ.எம்.இ. பிரிவில் 22 வருஷம் ஆர்மரராக இருந்தவன். ஆர்மரர் என்றால் சுடுகிற ஆள் இல்லை, சுடுகிறவனுடைய ரைஃபிள் மக்கர் பண்ணினால் அவன் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருவானோ அந்த ஆள். என் கையில் அதிகம் புரண்டது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள். அந்த ஏ.ஆர்-15 மாதிரி அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான், விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்த குண்டைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

என்.சி.சி.யில் இருந்த வாசகர்களுக்கு 'கோல்னா ஜோட்னா' என்றால் தெரிந்திருக்கும். கழற்றுவது, மாட்டுவது. ராணுவத்தில் பதினெட்டு வயசுப் பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு இதைச் செய்வான், அதற்குப் போட்டி கூட வைப்போம். ஆக, துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உங்கள் செய்தியாளர் அசந்துபோன விஷயம் இதுதான் என்றால் அசர வேண்டிய இடம் அது இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பையன் மாட்டுவது அதே ரைஃபிளிலிருந்து கழற்றிய அதே பாகங்களை. இன்னொரு ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் அடைக்கிற பாகம்) எடுத்து அதில் போடச் சொல்லுங்கள், அங்கேதான் ஆர்மரர் வேலை ஆரம்பிக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். தோட்டா அறைக்குள் உட்கார்ந்ததும் போல்ட் அதன் பின்பக்கம் வந்து கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும். அந்தக் கதவுக்கும் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடலாம் என்று கணக்கு இருக்கிறது, ஹெட்ஸ்பேஸ் என்போம். இடம் அதிகமானால் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழியும், உள்ளே இருக்கிற வாயு பின்பக்கம் பீறிட்டு வரும், பின்பக்கம் இருப்பது சுடுகிறவனுடைய முகம். எஸ்.எல்.ஆரில் போல்ட்டையோ பேரலையோ (குண்டு போகிற குழல்) மாற்றினால் இந்த இடைவெளியைச் சரிசெய்ய லாக்கிங் ஷோல்டர் என்று ஒரு இரும்புத் துண்டைப் பல அளவுகளில் வைத்திருப்போம். ஒன்று போட்டுப் பார்த்து, அளவு பார்க்கிற கேஜ் விட்டு, சரியில்லை என்றால் அடுத்தது. 'கோ' கேஜ் விட்டால் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' விட்டால் மூடவே கூடாது. அதற்கப்புறம் ரேஞ்சில் சுட்டுப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து. நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எத்தனை நாள் ராத்திரி படுத்த பிறகு 'அந்தக் கேஜை நான் சரியாகத்தான் விட்டேனா' என்று யோசித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன். சில வருஷம் முன்னால் மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தேன், டல்லாஸ் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் ஆர்மரர் என்று மருமகன் சொல்லிவைத்ததில், ஒரு நாள் சாயங்காலம் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேஜை மேல் ஒரு ஏ.ஆர்-15, பக்கத்தில் புத்தம் புது போல்ட், அது வந்த அட்டைப்பெட்டி கூட இன்னும் கிடந்தது. நாலு குண்டுக்கு ஒரு தடவை காலிக் கூடு வெளியே விழாமல் வாயிலேயே மாட்டிக்கொள்கிறது, அதனால் போல்ட்டை மாற்றப் போகிறேன் என்றார். கை தானாக நீண்டது எனக்கு. மருமகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, தொடாதீங்க. விசிட்டர் விசாவுல வந்தவங்க துப்பாக்கியைக் கையில எடுத்தாலே மத்திய அரசு சட்டப்படி குற்றம்." வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர் மாதிரி சிலருக்கு விலக்கு உண்டாம், எனக்குக் கிடையாது. சட்டமே இல்லை என்று எழுதினீர்களே, அந்த நாட்டில்தான் 22 வருஷம் இந்த வேலை பார்த்த நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வாயால் மட்டும் வேலை பார்த்தேன். "கேஜ் வைத்திருக்கிறீர்களா?" என்றேன். இல்லை என்றார், புது போல்ட்தானே, அளவு சரியாகத்தானே இருக்கும் என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. இந்த ரைஃபிளின் அழகே பாகங்கள் மாறிமாறிப் பொருந்துவதுதான். யூஜின் ஸ்டோனர் என்பவர் 1950களில் ஆர்மலைட் கம்பெனியில் இருந்தபோது வடிவமைத்தது, 1959ல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கியது, காப்புரிமை 1977ல் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. இன்றைக்கு நம்ம ஊரில் புல்லட் பைக்குக்குப் பார்ட்ஸ் கிடைப்பது மாதிரி அங்கே இதற்குக் கிடைக்கிறது. ஆனால் பாருங்கள், போல்ட் செய்தவன் ஒருத்தன், பேரல் செய்தவன் வேறொருத்தன். இரண்டு பேரும் தன்தன் அளவு வரம்புக்குள்தான் செய்திருப்பார்கள். இவன் வரம்பின் இந்த ஓரத்திலும் அவன் அந்த ஓரத்திலும் இருந்துவிட்டால் தனித்தனியாக இரண்டும் சரி, சேர்த்தால் தப்பு. பெரும்பாலும் அப்படி ஆகாது. ஆகாது என்பதற்காகப் பார்க்காமல் விட முடியுமா?

செகந்திராபாத்தில் பயிற்சியின்போது எங்கள் சுபேதார் ஒரு கதை சொல்வார். 1785ல் தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது ஹொனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளியின் பட்டறைக்குப் போனாராம். அவர் ஐம்பது துப்பாக்கி விசை இயந்திரங்களைக் கழற்றித் பெட்டியின் தனித்தனித் தடுப்புகளில் போட்டு வைத்திருக்கிறார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றை மாட்டிப் பார்க்க, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாம். அதை ஊருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு நம் பைக்குக்கு கிளட்ச் பிளேட் வாங்கி மாட்டுகிறோமே, அதற்கெல்லாம் தாத்தா இந்தத் துப்பாக்கி விசைதான். சுபேதார் கதையை முடித்துவிட்டு இந்தியில் ஒன்று கேட்பார்: "சாகேப் மாட்டிப் பார்த்தார், சுட்டுப் பார்த்தாரா?"

கராஜ் கதைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவர்) போய் கேஜ் விட்டுக்கொண்டு வந்தார். போல்ட் சரியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், நானும் வழிந்தேன். ஆனால் சுட்டுப் பார்த்தால் பழைய கோளாறு அப்படியே இருக்கிறது! மறுபடி மேஜை, மறுபடி நான் கையைக் கட்டிக்கொண்டு. எஸ்.எல்.ஆரில் சுடும்போது வருகிற வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும், இதில் அப்படி இல்லை, ஒரு மெல்லிய குழாய் வழியாக வாயு நேரே பின்னால் வந்து போல்ட் கேரியருக்குள் (போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடுகிற பாகம்) போகிறது. அது நுழைகிற இடத்தில் கேஸ் கீ என்று ஒரு சின்னத் துண்டு, இரண்டு ஸ்குரூவில் நிற்கிறது. அதன் அடி ஓரத்தில் மை தடவின மாதிரி ஒரு கரிக் கோடு. எனக்கு அவ்வளவு போதும். "அந்த ஸ்குரூவை அசைத்துப் பாருங்கள்" என்றேன். விரலாலேயே அசைந்தது. அந்த ஸ்குரூக்களை இறுக்கிய பிறகு ஓரத்தில் பஞ்ச் அடித்து உலோகத்தை நெருக்கிவிட வேண்டும், அப்போதுதான் அதிர்ச்சியில் கழலாது. அதைச் செய்த கம்பெனியோ, செகண்ட்ஹாண்டில் விற்றவரோ, யாரோ அதைச் செய்யவில்லை. வாயு அங்கேயே கசிந்துகொண்டிருந்தால் கேரியர் முழு தூரம் பின்னால் போகாது, கூடு எப்படி வெளியே விழும்? நல்ல போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு நல்ல போல்ட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார் மனிதர். கழலாமல் இறுக்கிக்கொடுக்க அதே கன்ஸ்மித்திடம் திரும்பப் போனார்.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். அவரிடம் இதே ரைஃபிளுக்கு .300 பிளாக்அவுட் தோட்டாவுக்கான பேரலோடு இன்னொரு மேல்பாதியும் இருந்தது. போல்ட் அதேதான், தோட்டா அடுக்குகிற மேகஸின் அதேதான், பேரல் மட்டும் வேறு. இந்தத் தோட்டா தவறிப்போய் ரைஃபிளின் வழக்கமான 5.56 பேரலில் ஏறிச் சுட்டுவிட்டால் துப்பாக்கியே வெடிக்கும், வெடித்தும் இருக்கிறது. அவர் ஒரு வகை மேகஸின்களுக்கெல்லாம் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். கேஜ் வாங்காத மனிதர் டேப் வாங்கியிருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது. அந்தக் களேபரத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் கையிலிருந்து துள்ளிப் பறந்ததும், மூன்று பேரும் முட்டிபோட்டு டார்ச் அடித்துத் தேடியதும் தனிக் கதை. ஸ்பிரிங்கைத் தேடலாமா, அதுவும் குற்றமா என்று மருமகனிடம் கேட்டுக்கொண்டேதான் தேடினேன்.

இனி நீங்கள் எழுதிய சட்ட விஷயம். அமெரிக்க மத்திய அரசின் 1968ம் வருஷத்துச் சட்டப்படி, பாகங்களில் 'துப்பாக்கி' என்று கணக்காவது ஃபிரேம் அல்லது ரிசீவர் எனப்படும் உடல்பாகம்தான். ஏ.ஆர்-15ல் அது விசை உட்காரும் கீழ்ப்பாதி, பெரும்பாலும் அலுமினியம். வரிசை நம்பர் அதில்தான் இருக்கும், கடையில் வாங்கினால் லைசென்ஸ் உள்ள வியாபாரி மூலமாக, விசாரணை முடிந்துதான் கைக்கு வரும். பேரல், போல்ட், ஸ்பிரிங் எல்லாம் வெறும் உதிரிபாகம், மத்திய சட்டத்தைப் பொறுத்தவரை தபாலில் வரலாம். இதுதான் எனக்குப் புரியாத கூத்து. குண்டு வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 55,000 பவுண்டு அழுத்தம் (கார் டயரில் முப்பத்துச் சொச்சம்), அதைத் தாங்குகிற பேரலுக்கும் போல்ட்டுக்கும் நம்பர் கிடையாது, தாங்காத அலுமினியப் பெட்டிக்கு நம்பர்! ஐரோப்பிய ஒன்றியத்தில் பேரலும் போல்ட்டும் கூட 'அத்தியாவசியப் பாகம்', கட்டுப்பாடு உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

நீங்கள் பயமுறுத்திய 'நம்பர் இல்லாத துப்பாக்கி' வேறு சமாச்சாரம். அரைகுறையாகச் செய்த உடல்பாகத்தை, 'இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை' என்ற சாக்கில் கிட்டாக விற்றார்கள். அதையும் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்க 2022ல் விதி வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2025 மார்ச்சில் 7-2 என்று விதி நிலைத்தது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் மாநிலங்களில் இன்னும் கெடுபிடி. வெளிநாட்டு ரைஃபிள் என்றால் இன்னொரு கணக்கு: சில வகை செமி ஆட்டோமேட்டிக்குகளை அங்கே பாகம் சேர்த்து மாட்டும்போது, பட்டியலில் இருக்கிற 20 பாகங்களில் 10க்கு மேல் இறக்குமதிப் பாகம் இருக்கக் கூடாது. பேரலை எண்ணு, போல்ட்டை எண்ணு என்று ஆட்கள் பேப்பரில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள். இதைத்தான் 'சட்டமே இல்லை' என்கிறீர்கள். சட்டம் இருக்கிறது, நான் கேட்கிற கேஜும் கையெழுத்தும்தான் அதில் இல்லை.

நம்ம ஊர் நிலைமையை நீங்கள் ஒரு வரி கூடப் போடாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருத்தன், "தாத்தா, ஆன்லைன்ல வாங்கி இங்கயும் மாட்டலாமா?" என்று கேட்டான். இந்தியாவில் 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்கிற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். தயாரிப்பதற்கு மட்டுமில்லை, ரிப்பேர் பண்ணவும், சோதித்துப் பார்க்கவும் கூட அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்கிற லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். எங்கள் பக்கம் பயிருக்குப் பன்றி வருகிறது என்று லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார்கள். அதில் ஒருத்தர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, நீதான் ஆர்மரராச்சே, பார்த்துக் கொடு என்று வீட்டுக்கே வந்துவிட்டார். முடியாது என்றேன். லைசென்ஸ் உள்ள கடைக்குப் போங்கள் என்றேன். என் மேல் அவருக்கு இன்னும் கோபம், கோயில் திருவிழாவில் பார்த்தாலும் பேசுவதில்லை.

அதனால் அடுத்த தடவை இப்படிச் செய்தி போடும்போது 'பாகம் மாற்றினார்' என்பதையும் 'துப்பாக்கி தயாரித்தார்' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், நம்ம ஊர்ச் சட்டத்தையும் கீழே நாலு வரி சேருங்கள். அப்புறம் அந்தப் படம். செய்தி முழுக்க ஏ.ஆர்-15 பற்றி, மேலே போட்டிருந்தது ஏ.கே-47. மேகஸின் வளைவைப் பார்த்தே எங்கள் வீட்டுப் பேத்தி சொல்லிவிட்டாள்.

பெயர் போட வேண்டாம். அந்தப் பெரியவரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.